செவ்வரத்தையும் ரோசாவும்: பராமரிப்பு என்பதன் பொருள் குறித்து

வீட்டுத் தோட்டம் பற்றிய கைந்நூல்கள் பலவற்றிலே மீண்டும் மீண்டும் காணப்படும் கூற்று ஒன்றுண்டு. செவ்வரத்தை எங்கும் வளரும், அதற்குக் கவனம் தேவையில்லை. ரோசா மென்மையானது, அதற்கு இடையறாத கவனம் வேண்டும் என்பதே அது. முன்னையது எளியோர்க்கும் பின்னையது இரசனை உடையோர்க்கும் உரியது என்னும் கருத்து வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும் அக்கூற்றினுள்ளே தொக்கு நிற்கும். இதிற் பாதி உண்மையுண்டு. இரண்டையும் வளர்த்துப் பார்த்த எவரும் அதனை மறுக்கார். ஆயின், ஒரு செடி கவனம் வேண்டும் செடியாக அமைவதற்கு அதன் இயற்கை மாத்திரந்தான் காரணமா, அன்றி அவ்வியற்கையே எவரெவரோ செய்த வேலையின் விளைவா என்பது வினாவப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, இரு செடிகளின் இயல்பையும் வளர்ப்பு முறையையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனது துறை இலக்கியம், தாவரவியலன்று. எனினும் நிலங்களையும் ஒழுக்கங்களையும் பூக்களின் பெயரால் வகுத்த ஒரு மரபைக் கற்பிப்பவன், பூக்களை முற்றாகத் தாவரவியலாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குதல் இயலாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் ஆங்கிலத்தில் எழுதிய திணைக்கோட்பாடு பற்றிய கட்டுரையில், குறிஞ்சி, முல்லை முதலிய பாகுபாட்டின் பின்னணியிலே சமனற்று வளர்ந்த உற்பத்தி முறைகளைக் கண்டு காட்டினார். காடும் மலையும் வயலும் கொண்ட பெருநிலத்துக்குப் பொருந்திய நோக்கு, முற்றத்து இரு செடிகளுக்குப் பொருந்தாது போகாது.

முதலிற் பெயர்கள். நாம் செவ்வரத்தை என்பதைத் தமிழகத்தார் செம்பருத்தி என்பர். செம்பரத்தை என்பதும் வழக்கு. பருத்தியோடு அதனைச் சேர்த்து எண்ணியமை தாவரவியல் முறையிலும் சரியே. பருத்தி, வெண்டி, எமது வேலிகளில் நிற்கும் பூவரசு ஆகிய யாவும் செவ்வரத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண்டிப் பூவையும் செவ்வரத்தம்பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வுறவு குழந்தைக்கும் விளங்கும். ரோசாவுக்கோ தமிழிற் பழம்பெயர் இல்லை. தனித்தமிழ் எழுதுவோர் முளரி என்பர். பழைய நூல்களில் முளரி தாமரையையும் குறித்த சொல். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலிலே ரோசா என்று கொள்ளத்தக்கது எதுவும் இல்லை. செவ்வரத்தையும் அப்பெயரால் அங்கு இல்லை. ஆகவே, ஒன்று நம்முடையது, மற்றது அந்நியரது என்று முன்கூட்டியே முடிவு செய்வோர் சற்றுப் பொறுத்தல் நன்று.

இவ்விடத்து ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் செவ்வரத்தைக்கு இட்ட இனப்பெயர் ரோசா-சைனென்சிசு என்பதாகும். சீனத்து ரோசா என்பது அதன் பொருள். ஆங்கிலத்திலும் அதனைச் சீன ரோசா என்பாருளர். இன்று உலகெங்கும் விற்பனையாகும் ரோசா வகைகளின் முன்னோரில் முதன்மையானதும் சீன ரோசா என்றே அழைக்கப்படுகின்றது. அது உண்மையாகவே ரோசாச் சாதியைச் சேர்ந்தது. ஆக, உறவில்லாத இரு செடிகள் ஒரே பெயரைத் தாங்கி, ஏறக்குறைய ஒரே கடல்வழி வணிகத்தினால் உலகெங்கும் பரவின. நாம் இயற்கை என்று கண்முன்னே காண்பது எத்துணை தூரம் வணிகத்தினதும் கைத்தொழிலினதும் விளைவு என்பதை விளக்க, 1845-46இல் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய ஜேர்மன் கருத்தியலில் செரி மரம் எடுத்துக்காட்டாக வருகின்றது. சில நூற்றாண்டுகளுக்கு முன் வணிகத்தால் ஐரோப்பாவிற்குக் கொண்டுவரப்பட்ட அம்மரத்தைப் புலன்களுக்கு நேரே கிட்டிய இயற்கையென்று மயங்கக்கூடாது என்பது அவர்களது வாதம். செரி மரத்துக்குச் சொல்லப்பட்டது இவ்விரு செடிகளுக்கும் மேலும் பொருந்தும்.

செவ்வரத்தை இயற்கையாகக் காட்டில் வளர்வது எங்கும் அறியப்படவில்லை. மனிதர் நட்ட இடங்களிலேயே அது உண்டு. எமது வேலிகளிலுள்ள சிவப்பு வகை விதை கொள்வதும் அரிது. எனவே வேலியிலே நிற்கும் ஒவ்வொரு செவ்வரத்தையும் எவரோ ஒருவர் வெட்டி நட்ட தண்டு. அத்தண்டும் வேறொருவர் நட்ட செடியிலிருந்து வெட்டப்பட்டது. தானாக வளரும் என்று சொல்லப்படும் செடி, உண்மையில் ஒருபோதும் தானாகப் பிறந்ததன்று. ரோசாவுக்கோ வட அரைக்கோளத்தின் பல பாகங்களிலே காட்டினங்கள் உண்டு. அவை ஐந்தே இதழ் கொண்டவை. ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, காய்த்து, விதை சிந்திப் பெருகுபவை. எவரது உதவியும் அவற்றுக்கு வேண்டியதில்லை. ஆகவே மூலத்தை நோக்குமிடத்து, பராமரிப்பின்றி வாழவல்லது ரோசாவே. மனிதக் கையை நம்பியிருந்தது செவ்வரத்தையே.

இந்நிலை எவ்வாறு தலைகீழாயிற்று என்பதற்கு ரோசாவின் வரலாற்றைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய ரோசாக்களிற் பெரும்பாலானவை கோடையில் ஒருமுறை மாத்திரம் பூத்தன. சீனத் தோட்டக்காரர்களோ பல நூற்றாண்டுகளாக, ஆண்டு முழுவதும் பூக்கும் வகைகளைத் தெரிந்து பெருக்கி வந்தனர். பூத்தலை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று அவ்வகைகளிற் செயலிழந்திருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அச்செடிகள் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் ஐரோப்பா சென்றன. கல்கத்தாவில் 1787இல் நிறுவப்பட்ட கம்பனித் தோட்டத்தில் தங்கிச் சென்றவையும் இருந்தமையால் அவற்றை வங்காள ரோசா என்றும் வழங்கினர். 1790களிலிருந்து 1824 வரையில் இங்கிலாந்தை அடைந்த நான்கு வகைகள் சிலேற்றர், பார்சன்சு, கியூம், பார்க்சு என்னும் பெயர்களைப் பெற்றன. தருவித்தோர், கொண்டுவந்தோர், தோட்டத்திற் பூக்கவைத்தோர் ஆகியோரின் பெயர்கள் இவை. அவற்றை உருவாக்கிய சீனத் தோட்டக்காரர் ஒருவரது பெயரும் எஞ்சவில்லை.

சீனத்துச் செடியும் ஐரோப்பியச் செடியும் கலந்த கலப்புகளுள் ஒன்று எமக்குச் சிறப்பாக முக்கியமானது. இந்து சமுத்திரத்திலே, அன்று பூர்போன் தீவு எனப்பட்ட இரெயூனியனில் நில எல்லைகளுக்கு ரோசாவையே வேலியாக நட்டனர். சீன ரோசாவும், ஆண்டுக்கு இருமுறை பூக்கும் தமஸ்கு ரோசாவும் அவ்வேலிகளில் அருகருகே நின்றன. 1817ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரெயோன் அங்கே தாமாகக் கலந்து முளைத்த புதுவகையைக் கவனித்து, அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். பூர்போன் ரோசா எனப்படும் பிரிவு அதிலிருந்து தோன்றியது. அத்தீவின் நிலங்களில் அக்காலத்தில் வேலை செய்தோர் அடிமைகள். அடிமை முறை அங்கு ஒழிக்கப்பட்டது 1848இலேயே. இந்தியாவில் எட்வேட் ரோசா என்று வழங்கும் மணமிக்க இளஞ்சிவப்புச் செடியும் இவ்வழியினதே என்பர். வேலியிற் பிறந்த இந்த ரோசா இன்றும் தன் வேரில் தானே நிற்கும், ஒட்டு வேண்டாது, நோய்க்கும் எளிதில் இடங்கொடாது. மென்மை என்பது ரோசாச் சாதிக்கே உரிய குணமாயின் இச்செடியை எவ்வாறு விளக்குவது?

மென்மை பின்னர் வந்தது. பிரான்சின் லியோன் நகரில் கீயோ என்பார் 1867இல் வெளியிட்ட ‘லா பிரான்சு’ முதலாவது கலப்புத் தேயிலை ரோசா எனக் கொள்ளப்படுகின்றது. ஏட்டிலே இப்பெயரைக் கண்டு மலைநாட்டுத் தேயிலையோடு தொடர்புபடுத்திக் கொள்ளற்க. அதன் முன்னோரின் மணம் தேயிலையை ஒத்தது என்பதே காரணம். இவ்வகைகளில் நீண்ட காம்பு, கூரிய பெரிய மொட்டு, இடையறாப் பூப்பு ஆகியன தெரிவு செய்யப்பட்டன. சந்தையிற் காட்டத்தக்கவை இவையே. வேரின் வலிமையும் நோயெதிர்ப்பும் கண்காட்சி மேசையிலே தென்படாதவை. ஆதலின் அவை கவனிக்கப்படாது போயின. வேர் வலிமை குன்றிய செடியை வன்மையான வேறோர் இனத்தின் அடிக்கட்டையில் ஒட்டி விற்பது வழக்கமாயிற்று. தோட்டக்காரன் தானே தண்டு வெட்டி நட்டுப் பெருக்கிக்கொள்ள முடியாத செடி, ஒவ்வொரு முறையும் நாற்றுமேடையிலிருந்து வாங்க வேண்டிய செடி ஆகும். இது திட்டமிட்ட சூழ்ச்சி என்று நான் கூறவரவில்லை. வணிகத்துக்கு உகந்தது நிலைத்தது என்பதே கூறத்தக்கது. 1930இல் அமெரிக்காவிலே தாவரங்களுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1931இல் அச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட முதலாவது காப்புரிமை ‘நியூ டோன்’ என்ற ரோசாவுக்கு உரியது. அது எவரும் கலந்து உண்டாக்கியதன்று. பழைய வகையொன்றின் கிளை தானே மாறி மீண்டும் மீண்டும் பூக்கத் தொடங்கியது. செடி தானாகச் செய்ததற்கு, கண்டெடுத்தவர் உடைமை கோர முடிந்தது.

செவ்வரத்தைக்கும் இது நேராமலில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவாய்த் தீவுகளிலும் பிற இடங்களிலும், தட்டளவு அகன்ற, பல நிறங்கலந்த கலப்புச் செவ்வரத்தைகள் உருவாக்கப்பட்டன. அவற்றுட் பல தமது வேரில் நன்கு வளரா. அவற்றை எதன்மேல் ஒட்டுகின்றனர் தெரியுமா? பழைய வேலிச் செவ்வரத்தை போன்ற வன்மையான வகைகளின் மேலேயே. கொழும்பு நாற்றுமேடைகளில் விலைகொடுத்து வாங்கிய மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த செவ்வரத்தை ஓராண்டுக்குள் மொட்டுதிர்ந்து மெலிவதையும், அருகே வேலிச் செவ்வரத்தை அசையாது நிற்பதையும் கண்டோர் பலர். ஆகவே ஒப்பீட்டின் கோடு செவ்வரத்தைக்கும் ரோசாவுக்கும் இடையே ஓடவில்லை; சந்தைக்கென வளர்க்கப்பட்டதற்கும் வேலிக்கென வளர்க்கப்பட்டதற்கும் இடையே ஓடுகின்றது.

இனி, வளர்ப்பு முறையைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டையே ஈண்டு நிலைக்களமாகக் கொள்கின்றேன். இங்கு ஆறில்லை. சுண்ணாம்புக்கற் படையின்மேல் மெல்லிய மண். வடகீழ்ப் பருவ மழையின் சில மாதங்கள் நீங்கலாகக் கிணற்று நீரே கதி. மண்ணிலும் நீரிலும் கல்சியங் காபனேற்று மிகுதி. இரு செடிகளும் சற்று அமிலத் தன்மையுடைய மண்ணை விரும்புவன. எனவே இரண்டும் இங்கு ஓரளவு இடர்ப்படுகின்றன. செவ்வரத்தையின் இளந்தளிர் மஞ்சளித்து நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்குமாயின் அது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லை என்பதன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதனை எடுக்க இயலவில்லை என்பதே. யூரியா இட்டு இதனைத் தீர்க்க முயல்வது பயனற்றது. இலைகுழையும் மாட்டெருவும் இட்டு மண்ணைத் திருத்துவதே நிலையான வழி. பூவரசங்குழையை வெட்டித் தாழ்ப்பது எமது உழவர் நெடுங்காலம் செய்து வந்தது. ஒரே குடும்பத்து மரம் ஒன்று மற்றதற்குப் பசளையாகின்றது.

செவ்வரத்தையை நடும் காலம் ஐப்பசி. பென்சிற் பருமனான, அதிகம் முற்றாத தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் களைந்து, மூன்றிலொரு பகுதி மண்ணுள் இருக்க நட்டு நிழல் செய்தால், ஒரு மாதத்திலோ சற்றுப் பிந்தியோ வேர்விடும். பூ புதுத் தளிரிலேயே வரும். எனவே கத்தரித்தல் பூவைக் கூட்டும். ஆயின் கத்தரித்த பின்னர் சில வாரங்கள் பூவின்றி இருக்க நேரும். ஒரே நாளிற் செடி முழுவதையும் மொட்டையடியாது, கிளை கிளையாக வெட்டுதல் வீட்டுக்கு நல்லது. வெயில் அரைநாளேனும் படவேண்டும். மொட்டுகள் விரியாது உதிர்ந்தால், நீர் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் இல்லாதும் போவதை முதலிற் சந்தேகிக்க வேண்டும். நிழலும் சிறு பூச்சிகளும் அடுத்த காரணங்கள். பசளையில் பொசுபரசு மிகுவது இச்செடிக்கு ஆகாது என்பது வளர்ப்போர் அனுபவம். சாம்பலிலும் எருவிலும் கிடைக்கும் பொற்றாசியம் உகந்தது. எனினும் சுண்ணாம்பு மண்ணிற் சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் தவறு.

செவ்வரத்தையின் பெரும் பகை வெண்மூட்டுப்பூச்சி. நுனித்தளிர் சுருண்டு, வெண்பஞ்சு படிந்து, எறும்பு ஏறியிறங்கும். 2008இல் இலங்கையில் இனங்காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தை வேலிகளையும் விட்டுவைக்கவில்லை. அப்பூச்சியைக் கட்டுப்படுத்தியதில் மருந்தை விட, அதன் உடலில் முட்டையிடும் சிறு குளவியினத்தின் பங்கே பெரிது. பீடைநாசினி தெளிப்பவர் அக்குளவியையும் சேர்த்துக் கொல்கிறார். வீட்டளவில், பாதித்த நுனியை வெட்டி எரித்தலும், சவர்க்கார நீரை விசையாகத் தெளித்தலும், எறும்பின் வழியை அடைத்தலும் போதுமானவை. எறும்பு அப்பூச்சியின் இனிப்புக் கழிவை உண்டு அதற்குக் காவல் நிற்கின்றது. காவலை நீக்கினால் பகைவர் உட்புக வழியுண்டாகும்.

ரோசாவின் பட்டியல் நீளமானது. காலை வெயில் ஐந்தாறு மணிநேரம். நீர் தேங்காத மண். எலும்புத்தூள், மாட்டெரு, ஊறவைத்த புண்ணாக்கு எனத் தவணை தவறாத பசளை. நீர் அடியில் ஊற்றப்பட வேண்டும். மாலையில் இலை நனைய ஊற்றுவது பிழை. காரணம் எளிது. கரும்புள்ளி நோயின் பங்கசு முளைத்து இலையுட் புக, இலை ஏறக்குறைய ஏழு மணிநேரம் தொடர்ந்து ஈரமாயிருத்தல் வேண்டும். மாலையில் நனைந்த இலை விடியும்வரை உலராது. நீரூற்றும் வேளையை மாற்றினாலே மருந்துச் செலவிற் பெரும்பகுதி குறையும் என்பதை மருந்து விற்பவர் சொல்வதில்லை. மழைக்காலத்தில் இது கைகொடாது. அப்போது விழுந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுவதும், செடிகளுக்கிடையே காற்றோட இடைவெளி விடுவதும் வேண்டும். கோடையில் இலையின் அடிப்புறத்தே சிற்றுண்ணி, தளிரில் அழுக்கணவன். இவற்றுக்கும் முதல் மருந்து நீரின் விசையே.

கத்தரித்தலிலும் வேறுபாடுண்டு. செவ்வரத்தையை எங்கு வெட்டினும் அது மன்னிக்கும். ரோசாவில், வாடிய பூவை ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேலாக, வெளிநோக்கிய அரும்புக்குச் சற்று மேலே, சரிவாக வெட்டுதல் முறை. குளிர்நாடுகளிற் செடி உறங்கும் பனிக்காலத்தின் முடிவில் பெருங் கத்தரிப்பு நிகழும். இங்கு அது உறங்குவதில்லை. எனவே ஆங்கில நூல்களிலுள்ள மாதப் பட்டியலை அவ்வாறே பின்பற்றி மாசியில் வெட்டுவோர், பங்குனி சித்திரை வெயிலிற் புதுத்தளிரைக் கருகக் கொடுக்கின்றனர். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மார்கழியே இங்கு பொருந்தும் காலம்.

ஒட்டுக்கன்றிற் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து விரைந்தெழும் கிளை அடிக்கட்டையின் கிளை. சிற்றிலைகளின் வடிவும் எண்ணிக்கையும் மாறுபட்டிருக்கும். அதனை உடனே அடியோடு கிழித்தெடுக்காவிடின், மண்ணிலிருந்து வேர் எடுப்பதெல்லாம் அதற்கே சென்று, மேலே ஒட்டப்பட்ட ரோசா பட்டுப்போகும். நமது ரோசா காட்டு ரோசாவாக மாறிவிட்டது என்று முறையிடுவோர் கண்டது இதனையே. எதுவும் மாறவில்லை, கீழிருந்து சுமந்தது மேலே வந்தது. இலக்கியக்காரர் இதிலே உருவகம் தேடிக் களிக்கலாம். எனக்கும் அவ்வாசை எழுந்தது. ஆனால் அடிக்கட்டை பூக்காமலில்லை என்பதையும், அதன் வெண்ணிறச் சிறு பூக்கொத்து அழகற்றதன்று என்பதையும் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கின்றேன்.

இப்போது முதல் வினாவுக்குத் திரும்பலாம். ரோசாவுக்குக் கவனம் வேண்டும் என்னும்போது, எவரது கவனம்? தோட்டம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தல் என்றால் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் இறைத்து வளர்த்தல். மலைநாட்டிலே தோட்டம் என்றால் தேயிலைப் பெருந்தோட்டம், லயன் அறை. பாடநூலிலே தோட்டம் என்றால் பூக்கன்றுகள் நிற்கும் இடம். மூன்றாவது பொருள் முதலிரண்டின் மேல் நிற்கின்றது. நுவரெலியாவின் குளிரும் அமில மண்ணும் ரோசாவுக்கு உகந்தவை. அருகேயுள்ள அக்கலைத் தாவரவியற் பூங்கா 1861இல் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்கென்று தொடங்கப்பட்டது. இன்று அங்கு வருவோர் காண விரும்புவது அதன் ரோசாப் பாத்திகளை. துரைமாரின் பங்களா முற்றங்களிலே அப்பூவைக் கத்தரித்தும் களை பிடுங்கியும் காத்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய அம்மக்களின் கையிலே, இங்கிலாந்தின் நினைவாகத் துரைசாணி வைத்த செடி தழைத்தது. பங்களா ரோசா அழகாயிருந்தது துரையின் இரசனையால் என்று எழுதுவோர், அங்கே கூலிக்கு நின்றவரைக் காணாதோர்.

இன்று அவ்வுழைப்பு கண்டங்களைக் கடந்துள்ளது. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ரோசாவிற் பெரும்பகுதி கென்யாவின் நைவாசா ஏரிக்கரையிலும், எத்தியோப்பியாவிலும், தென்னமெரிக்காவின் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளிலும் வளர்கின்றது. தமிழகத்தின் ஓசூரிலிருந்து பெப்ருவரி 14க்கென்று பூ விமானமேறுகின்றது. பண்ணைகளிலே பறிப்போரும் தரம் பிரிப்போரும் பெரும்பாலும் பெண்கள். நைவாசாவில் ஏரி நீர் பூவின் வடிவில் ஏற்றுமதியாகின்றது எனலாம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் விமானங்கள் நின்றபோது, பறித்த பூ குப்பைமேடாகியது, பறித்தவர் வேலையிழந்தனர். வாடுவதற்கு முன்பே பயனற்றுப் போன அப்பூக்களுக்குப் பராமரிப்பிற் குறை எதுவும் இருக்கவில்லை.

எமது வீடுகளில் இவ்வுழைப்புக்குக் கூலியுமில்லை, பெயருமில்லை. கிணற்றிலிருந்து சட்டிக்கு நீர் கொண்டு செல்பவள் வீட்டுப் பெண், கூடவே பிள்ளைகள். அம்மாவுக்குப் பூக்கன்று விருப்பம் என்று அவ்வேலைக்கு விருப்பம் என்ற பெயரிடப்படுகின்றது. துலாவின் காலத்தில் ஒரு வாளி நீரின் விலை தோளிலே தெரிந்தது; நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் தெரிவதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் யூரியாவும் குடாநாட்டுக்கு வராது நின்றபோது மீண்டும் தெரிந்தது. 2021இல் இரசாயனப் பசளைகளினதும் நாசினிகளினதும் இறக்குமதியை அரசு சில மாதங்கள் தடை செய்தபோது இன்னொருமுறை தெரிந்தது. நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டின்முன் ரோசாவைப் பற்றிப் பேசுவது வெட்கத்துக்குரியது. எனினும் எந்தச் செடி எதனை நம்பி நிற்கின்றது என்பதை அந்த மாதங்கள் காட்டின. சேதனப் பசளை சிறந்தது என்று இதனால் அத்தடை நியாயமாகிவிடாது. மண்ணைத் திருத்தப் பல போகம் வேண்டும். வர்த்தமானியிலே கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். மறுபுறம், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல்லாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு முதற்காரணம் வெங்காயப் பாத்திகளே, ரோசாச் சட்டிகளல்ல. ஆயினும் சுண்ணாம்புக் கல்லின் மேல் ஊற்றும் எதுவும் கிணற்றையே சேரும்.

செவ்வரத்தையை மக்கள் செடியெனக் கொண்டாடுவோர்க்கும் ஒரு சொல். சிங்களத்தில் அதற்குச் சப்பாத்து மலர் என்று ஒரு பெயருண்டு. இதழைக் கசக்கிச் சப்பாத்துக்கு மினுக்கம் ஏற்றிய வழக்கத்தால் வந்த பெயர் அது. சப்பாத்து என்பதோ போர்த்துக்கேயச் சொல். சப்பாத்து எவரிடம் இருந்தது, மினுக்கியவர் எவர் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே பூ கோயிலில் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் சூட்டப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு வேலிகளிலும் அது பூத்தது, பூவுக்குத் தீட்டில்லை. நட்டு நீர்விட்டவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்கென மக்கள் திரண்டபோது தடுத்தவர்கள், உள்ளே சாத்திய பூ எவர் வேலியில் மலர்ந்தது என்று கேட்டதில்லை. எனவே சிவப்பாயிருப்பதனாலேயே ஒரு பூ ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்பதில்லை. எம் முற்போக்குக் கவிஞர் சிலர் செம்மலரையெல்லாம் கொடியாக்கியும், ரோசாவையெல்லாம் முதலாளியின் சட்டைப் பொத்தானில் செருகியும் எழுதிய காலமொன்று இருந்தது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய இதழுக்கு மல்லிகை என்று பெயரிட்டதில் இதனினும் நிதானம் உண்டு என்பது எனது அபிப்பிராயம்.

எமது குடும்பம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. காணி விடுவிக்கப்பட்டபின் தாயாருடன் சென்று பார்த்தபோது வீட்டின் அத்திவாரம் மாத்திரம் பற்றைக்குள் கிடந்தது. அவர் தேடியது ரோசாவை. செவ்வரத்தை நிற்கும் என்று நிச்சயமாயிருந்தார். நின்றதோ எதுவுமில்லை. வேலியிருந்த இடத்தில் ஈச்சையும் நாயுண்ணியும் மண்டியிருந்தன. கவனமின்றி வளரும் செடி இருபதாண்டுகள் எவரும் வெட்டாது, இறைக்காது, களை பிடுங்காது விட்டபோது அழிந்து போயிற்று. அது கவனமின்றி வளர்ந்ததன்று. கவனித்தவர் தாம் கவனிப்பதை வேலையென்று எண்ணாதிருந்தார். வெண்டைக்காய் ஆயும் வழியில் ஒரு கிளையை ஒடிப்பார். கழுவிய நீரை அடியில் ஊற்றுவார். தலை முழுக இலை பறிக்கையில் நுனியைக் கிள்ளுவார். கைந்நூலில் எழுதத்தக்க பராமரிப்பு இவற்றுள் எதுவுமில்லை.

கிணற்றைத் துப்புரவாக்கிய ஆண்டின் ஐப்பசியில், கோப்பாயிலுள்ள உறவினர் வேலியிலிருந்து பதினெட்டுத் தண்டுகளை வெட்டிச் சென்று கிழக்கு எல்லையில் நட்டோம். பதினொன்று வேர்விட்டன. ரோசாவுக்கு, தன் வேரில் நிற்கும் நாட்டு வகையொன்றின் பதியம் கிடைத்தது. கிணற்றடியில், காலை வெயில் படும் பக்கத்தில் வைத்தோம். முதற் கோடையில் இரண்டுக்கும் ஒரே அளவு நீர் தேவைப்பட்டது.